எட்டு ஆகாது

கொடைக்கானல் விடுதியில் நெட்வொர்க் படுத்துவிட்டதென்று அதைச் சரிசெய்ய சண்முகப்பிரியா பழனியிலிருந்து கொண்டையூசி வளைவுகளில் குமட்டலோடு மலையேறி வருவது இந்த மாதம் மூன்றாவது முறை. ரிசப்ஷன் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் முகவரி எண் எழுதியிருக்கும் ஃபைலைத் திறந்தாள். முகவரியின் கடைசியில் அவள் போட்டிருந்த எட்டு, ஐந்தாகியிருந்தது.

“யாருங்க இதை மாத்துனது?”

“நான்தாங்க. எட்டாம் நம்பர் நமக்கு ஆகாது,” என்றார் மேனேஜர் ஞானவேல்.

“அஞ்சு கிச்சன் கம்ப்யூட்டரோட நம்பருங்க! ரெண்டுக்கும் ஒரே நம்பரை வச்சா ரெண்டும் படுக்காம என்ன செய்யும்? இதுக்கா இருக்குற சோலியெல்லாம் போட்டுட்டு ஓடியாந்தேன்?”

பல்லைக் கடித்துக்கொண்டு பதினேழு என்று அடித்தாள். நெட்வொர்க்குக்கு உயிர் வந்தது. பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

பின்னால் ஞானவேல் விரல்விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார். “ஒண்ணும் ஏழும்… ஏங்க, கொஞ்சம் நில்லுங்க!”