எட்டாம் எண் நாற்காலி

பிலோமினா ஆவிலாவுக்குப் பொய் சொல்ல வராது. பெரிய உத்தமி என்று நினைத்துவிட வேண்டாம். சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்கு நீச்சல் வராது, இவளுக்குப் பொய் வராது, அவ்வளவுதான். நாத்தனார் புது கவுன் போட்டுக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கு" என்று இவள் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு காதும் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். அந்தச் சிவப்பு அடங்க அரைநாளாகும். அப்புறம் நாத்தனார் ஒரு வாரம் பேசமாட்டாள். இருபத்தாறு வருஷமாக உலர்திராட்சை ஆலையில், ஓடும் பட்டையின் பக்கத்தில் நின்று காம்பும் கல்லும் பொறுக்குகிறாள். அங்கே பொய் சொல்ல அவசியமே வந்ததில்லை.

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஃப்ரெஸ்னோ கோர்ட்டில் ஜூரியாக உட்கார வைத்தார்கள். ஜூரி என்றுகூட முழுசாகச் சொல்ல முடியாது, உதிரி ஜூரி. பன்னிரண்டு பேரில் யாருக்காவது முடியாமல் போனால் அந்த இடத்தில் உட்கார இரண்டு பேரைக் கூடுதலாகப் பிடித்து வைத்திருப்பார்கள். முதல் உதிரி பிலோமினா. இரண்டாவது உதிரி டிரென்ட் என்ற வீட்டுத் தரகன், சூயிங்கம் மெல்லுகிறவன். சாட்சியெல்லாம் இவர்களும் கேட்கலாம். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேர் தீர்ப்பு பேச அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், இவர்கள் இரண்டு பேரும் வெளியே நடையில் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

வழக்கு ஹார்லன் டீக் என்பவன் மேல். ஐம்பத்தெட்டு வயது, தோட்டங்களில் பம்ப் ரிப்பேர் செய்கிறவன். மருமகன் குடித்துவிட்டு மகள் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டினான். டீக் பாய்ந்து அதைப் பிடுங்கி, தன் வீட்டுக்குக் கொண்டுபோய், ஃப்ரீசரில் சோளப் பாக்கெட்டுகளுக்கு அடியில் திணித்து வைத்தான். மூன்று வாரம் கழித்து அந்த மருமகனே போலீசுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டான். டீக் எப்போதோ வாலிபத்தில் தண்டனை அடைந்தவன். அப்படிப்பட்டவன் ஆயுசுக்கும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். பிடுங்கிய கையோடு ஒப்படைத்திருந்தால் குற்றமில்லை. மூன்று வாரம் வைத்திருந்தால், காரணம் என்னவாக இருந்தாலும் குற்றம்தான்.

கூண்டில் ஏறி அவன் எதையும் மறைக்கவில்லை.

"உங்க வீட்டுல போன் இருக்கா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"இருக்குங்க."

"போலீஸ் நம்பர் தெரியுமா?"

"என்னை மாதிரி ஆளுக்கு அது தெரியாம இருக்குமா?" என்றான் டீக். கோர்ட்டில் சிரிப்பு.

"பின்ன ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா மொதல்ல என்னையத்தான் பிடிப்பாங்கன்னு பயந்தேன். பயந்தது சரியாப் போச்சு, பாருங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவன் மகள் பின்வரிசையில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

தண்டனையைப் பற்றி ஜூரிகள் யோசிக்கவே கூடாது என்று நீதிபதியம்மா மூன்று தடவை சொன்னார். ஃப்ரெஸ்னோ பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு அர்த்தம் தெரியும். ஏற்கெனவே இரண்டு பெரிய குற்றம் செய்தவன் மூன்றாவதாக ஒரு துரும்பைக் கிள்ளினாலும் இருபத்தைந்து வருஷத்துக்குக் குறையாமல் ஆயுள்வரை உள்ளே. பிலோமினாவோடு பட்டையில் நிற்கும் ஒருத்தியின் அண்ணன், கடையில் ஒரு கார் பேட்டரியைத் தூக்கியதற்காக அப்படித்தான் போனான். ஃப்ரீசரில் கிடந்த துப்பாக்கிக்கு நாலு நாள் விசாரணை என்றால், டீக்கும் ஏற்கெனவே இரண்டு செய்தவனாகத்தான் இருக்க வேண்டும், வேறென்ன? ஐம்பத்தெட்டும் இருபத்தைந்தும் எண்பத்துமூன்று. சோளப் பாக்கெட்டுக்கு அடியில் வைத்த சாமானுக்காக ஒரு மனுஷன் ஜெயிலில் சாகப்போகிறான் என்று நினைத்தாள். நமக்கு ஓட்டு இல்லை, நல்லவேளை என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

எட்டாம் எண் ஜூரர் ஹிடேயோ மோரிஷிதா, எழுபத்திரண்டு வயது பீச் தோட்டக்காரர். தினமும் காகிதப் பையில் கடைசிப் பருவத்துப் பீச் கொண்டுவந்து இடைவேளையில் எல்லாருக்கும் நீட்டுவார். வழக்கைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பதால் அவரும் பிலோமினாவும் பழத்தைப் பற்றியே பேசினார்கள். ஒருநாள் மட்டும், கேட்காமலேயே, "எனக்குப் பத்து வயசுல, ஜப்பானோட சண்டை நடந்தப்ப, ஜப்பான் வம்சம்னு இந்த ஊரு கண்காட்சித் திடல்ல எங்களை அடைச்சு வெச்சாங்க. சுத்தி முள்வேலி. சட்டப்படிதான்" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு பழத்தை நீட்டினார்.

பன்னிரண்டு பேர் உள்ளே போன இரண்டாம் நாள் மத்தியானம், மோரிஷிதாவை மட்டும் நீதிபதி கூப்பிட்டனுப்பினார். கால்மணி நேரத்தில் தொப்பியும் காகிதப் பையுமாக வெளியே வந்தார். பிலோமினா எழுந்து நின்றாள்.

"நான் சட்டத்தை ஏத்துக்க மாட்டேன்கிறேன்னு உள்ளேருந்து சீட்டு எழுதிட்டாங்க. ஜட்ஜ் நேராவே கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது?"

"பெரியவரே, பேசக் கூடாது" என்று ஓடி வந்தார் கோர்ட் காவலர் ஒச்சோவா.

மோரிஷிதா தலையசைத்துவிட்டு, பையில் மிச்சமிருந்த ஒரே பழத்தை அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நிமிஷம் பிலோமினாவை உள்ளே கூப்பிட்டார்கள். போகும் வழியில் அவள் கிளிப்பைக் கழற்றி, முடியை அவிழ்த்து இரண்டு காதையும் மூடிக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இவள் மாட்டேன் என்றால் டிரென்ட் வருவான். டிரென்ட் வந்தால் சூயிங்கம் சாறு வற்றுவதற்குள் தீர்ப்பு முடிந்துவிடும்.

"உங்களுக்குப் பிடிச்சாலும் பிடிக்காட்டியும், நான் சொல்ற சட்டத்தின்படி தீர்ப்புச் சொல்ல உங்களால முடியுமா, மிஸஸ் ஆவிலா?"

டீக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கிழவர் போய்விட்டார், இவள் வந்திருக்கிறாள், இவள் யார் என்கிற பார்வை அது.

"முடியும்" என்றாள் பிலோமினா. முடிக்குள் காது இரண்டும் தீயாய் எரிந்தன. மாதாவே, மன்னித்துக்கொள், ஒரே ஒரு பொய், ஒரு மனுஷனுக்காக, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எட்டாம் எண் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

ஒரு பொய்யோடு போய்விடும் என்று நினைத்ததுதான் பைத்தியக்காரத்தனம். உள்ளே எல்லாவற்றையும் முதலிலிருந்து பேச வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஜூரித் தலைவர் டுவைன் ஸ்காகின்ஸ், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டம் மதிப்பிடுகிறவர். கெட்ட மனுஷன் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது மனசு ஆறியிருக்கும்.

"பதினொரு பேர் குற்றம்னு சொல்றாங்க. நீங்க இல்லைங்கிறீங்க. சரி, உங்க சந்தேகம் என்னன்னு சொல்லுங்க, பேசலாம்."

"அவருக்கு... அது துப்பாக்கின்னு தெரிஞ்சிருக்குமான்னு..."

அழகு நிலையம் வைத்திருக்கும் ஷார்லீன் பக்கென்று சிரித்துவிட்டாள். "பின்ன, ஐஸ்கிரீம்னு நெனச்சா பிடுங்கினாரு?"

"ஃப்ரீசர் அவரோடதுதானான்னு..."

"அவரே சொன்னாரும்மா, என் ஃப்ரீசர்னு. சோளம் எந்தக் கடையில வாங்கினதுன்னுகூடச் சொன்னாரு."

"மருமகன் பொய் சொல்லியிருக்கலாம்."

"அவன் பொய் சொன்னாத்தான் என்ன? இவர் உண்மையைச் சொல்லிட்டாரே."

அதுதான் வினையே. டீக் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு இவள் தொங்கியிருப்பாள். இவளைப் போலவே அவனுக்கும் அது வரவில்லை. பிலோமினா வாயை மூடிக்கொண்டாள். காலையில் ஓட்டு, மத்தியானம் ஓட்டு, சாயங்காலம் ஓட்டு. பதினொன்று, ஒன்று. அடுத்த நாளும் அதேதான். ஜூரிகளைப் பின்வாசல் வழியாகத்தான் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார்கள். நாள் பூராவும் நடையில் அந்தப் பெஞ்சில் என்ன நடக்கிறது, டிரென்ட் இன்னும் மென்றுகொண்டிருக்கிறானா என்றுதான் அவளுக்கு நினைப்பு. மத்தியானம் கொண்டுவந்த லிங்குயிசா இறைச்சி வைத்த ரொட்டியைப் பிரிக்கக்கூட மனசு வரவில்லை. யாரும் அவளை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. பெருமூச்சு விட்டார்கள், அவ்வளவுதான். சுற்றியிருக்கும் பதினொரு பேரும் நாள் முழுக்கப் பெருமூச்சு விட்டால் அது எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்று மணிக்கு ஸ்காகின்ஸ் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு அவர் மேல பரிதாபம். எனக்கும்தான். எங்கப்பாவும் பம்ப் மெக்கானிக்தான், தெரியுமா? ஆனா கையத் தூக்கிச் சத்தியம் பண்ணிட்டோம். ஒண்ணு கேட்கறேன். உங்களுக்குச் சந்தேகமா, இல்ல சட்டமே பிடிக்கலையா?"

பிடிக்கவில்லை என்று சொன்னால் மோரிஷிதாவின் கதிதான். சந்தேகம் என்று சொன்னால் என்ன சந்தேகம் என்பார்கள். இரண்டு பக்கமும் சுவர்.

"சும்மா உட்கார்ந்திருக்கிறதும் ஒத்துழைக்காம இருக்கறதுதான். காலைல நான் ஜட்ஜுக்கு எழுதியாகணும். உங்களை அனுப்பிடுவாங்க. அந்தத் தம்பி வருவான், அஞ்சு நிமிஷம். முடிவு என்னமோ ஒண்ணுதான். கூண்டுல நிக்க வெச்சுக் கேள்வி கேக்கற அவமானம்தான் உங்களுக்கு மிச்சம்."

முடிவு ஒன்றுதான். அந்த ஒரு வார்த்தையில் அவள் உடைந்து போனாள். எப்படியும் போகப்போகிறவனுக்காக நாம் ஏன் என்று மனசின் ஒரு மூலை கேட்டது. அழுதாள். ஷார்லீன் காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்து முதுகைத் தடவினாள். "விடுங்க, விடுங்க, நாம என்ன பண்ண முடியும்?" என்றாள். நாலு மணிக்கு ஓட்டு பன்னிரண்டு.

கோர்ட்டில் தீர்ப்பை வாசித்ததும், டீக்கின் வக்கீல் எழுந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றார். குமாஸ்தா வரிசையாகக் கேட்டாள். ஒன்று. ஆமாம். இரண்டு. ஆமாம். ஏழுவரைக்கும் வந்தது. டீக் மற்றவர்களைப் பார்க்கவேயில்லை. எட்டாம் எண் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டாம் எண் ஜூரர், இது உங்க தீர்ப்புதானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அது தொண்டைவரைக்கும் வந்தது. முடிவு ஒன்றுதானே என்று அதை முழுங்கினாள்.

"ஆமாம்."

டீக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். கோபம்கூட இல்லை, பழகிப்போனவன் மாதிரி. அவன் மகளின் கைப்பை கீழே விழுந்து, சீப்பும் சாவியும் தரையில் சிதறின. அதை யாரும் எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்து ஒச்சோவா நடையில் நின்று ஒவ்வொருவருக்கும் வேலை செய்யும் இடத்தில் காட்டவேண்டிய வருகைச் சீட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெஞ்ச் காலியாக இருந்தது.

"அந்தத் தம்பி எங்க?" என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"யாரு, டிரென்டா? அவன் நேத்துச் சாயங்காலமே போயிட்டானேம்மா. பெண்டாட்டிக்கு வலி வந்திருச்சு, ஜட்ஜே போகச் சொல்லிட்டாங்க. பெண் குழந்தையாம், காலைல போன் பண்ணினான்."

"அப்போ..." பிலோமினா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ என்னை அனுப்பியிருந்தா, எனக்குப் பதிலா யாரு?"

"யாரு இருக்கா? யாரும் இல்ல. பதினொரு பேரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? கேஸைக் கலைச்சிருப்பாங்க." அவர் சீட்டில் முத்திரை குத்திக்கொண்டே சொன்னார். "ஃப்ரீசர் துப்பாக்கிக்காக இன்னொரு தடவை மெனக்கெடுவாங்களான்னே சந்தேகம்தான். ஏம்மா, உங்களுக்குச் சொல்லலையா? உள்ளே இருக்கறவங்களுக்குச் சொல்ற வழக்கமில்ல, ஆமா. இந்தாங்க உங்க சீட்டு."

பிலோமினா திரும்பிக் கோர்ட் கதவைப் பார்த்தாள். பூட்டியிருந்தது. யாரிடம் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒச்சோவா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

வெளியே செப்டம்பர் வெயில். பிக்கப்புக்குள் நெருப்பாய்க் கொதித்தது. மோரிஷிதா கொடுத்த பீச்சை முந்தாநாள் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு மறந்திருந்தாள். அது வெந்து தோல் வெடித்து, சாறு வழிந்து காய்ந்து கிடந்தது. வண்டியெல்லாம் அதன் வாசனை.

சாவியைப் போட்டவள் திருகவில்லை. இது உங்கள் தீர்ப்புதானா என்று கேட்டபோது ஆமாம் என்றாளே, அது பொய்தானே. தன் தீர்ப்பு அது இல்லவே இல்லை, பதினொரு பேர் சேர்ந்து வாங்கியது. பொய்தான் என்று நிச்சயம் பண்ணிக்கொள்ள, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் முடியை ஒதுக்கிப் பார்த்தாள்.

காது இரண்டும் எப்போதும்போல வெளிறித்தான் இருந்தன. கிள்ளிப் பார்த்தாள், அப்போதும் சிவக்கவில்லை.