ஒரே வாய் கொண்ட இரண்டு பெட்டிகள்

அந்த ஸ்டுடியோவில் இரண்டு அறைகள். ஒன்றில் அத்தான் ஒலிப்பதிவு செய்தார். மற்றதில் அவருடைய மைத்துனி படத்தொகுப்பு செய்தாள். வீட்டில் அவளுக்கு 'அவசரம்' என்று பெயர். இரண்டு அறைகளுக்கும் உரிமையாளர் அக்கா: அவருக்கு மனைவி, இவளுக்கு உடன்பிறந்தவள். காட்சிகளை நகலெடுத்து முடிவதற்குள் பொறுமையிழந்து எழுந்துபோன வாடிக்கையாளர்கள் அந்த மாதம் மூன்று பேர். நான்காவது ஆளும் எழுந்துபோனால் தொகுப்பறையையும் ஒலிப்பதிவுக்கே தந்துவிடுவேன் என்று அக்கா அறிவித்தாள்.

வேகமான சேமிப்புப் பெட்டி ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. தண்டர்போல்ட், யுஎஸ்பி என்ற இரு இணைப்பு வகைகளில் எது என்பதில் குடும்பம் பிளந்தது. வேகத்தில் தண்டர்போல்டுக்கு நிகரில்லை என்பது அவசரத்தின் கட்சி. யுஎஸ்பி எந்தக் கணினியிலும் போய் ஒட்டிக்கொள்ளும் என்பது அத்தானின் கட்சி. தண்டர்போல்டுக்கு மாப்பிள்ளை முறுக்கு அதிகம், தனக்கென்று தனி வயர் கேட்கும் என்று அவர் கேலி செய்தார்.

"கல்யாணத்தப்ப நீங்க கேட்டதைவிடக் கம்மிதான் அத்தான்" என்றாள் அவள்.

கடையிலிருந்து இரு பெட்டிகளும் ஒரு நாளைக்கு இரவலாக வந்தன. இரண்டுக்கும் வயர் நுழையும் வாய் ஒரே அச்சு. வயர்களை வேறுபடுத்துவன முனையருகே பொறித்த சிறு குறிகள் மட்டுமே. அக்கா முன்பு தேர்வுத்தாள் திருத்தியவள். பெயரை மறைத்தால்தான் மதிப்பெண் நேர்மையாக விழும் என்பது அவள் கொள்கை. ஆகவே பெட்டிகளைப் பழுப்புத்தாளில் பொதிந்தாள். அவற்றோடு வந்த வயர்களை மேசை இழுப்பறையில் கிடந்தவற்றோடு கலந்து, எல்லாவற்றின் முனையருகிலும் கறுப்பு நாடா ஒட்டினாள். கைக்கு வந்த இரண்டை எடுத்துத் தானே சொருகினாள். பாதியில் எந்தப் பெட்டியைக் கழற்றினாலும் அது தோற்றதாகக் கணக்கு என்பது விதி.

காலை பத்து மணிக்குப் பறவைகளைப் படமெடுக்கும் ஒருவர் இரண்டு மெமரி கார்டுகளோடு வந்தார். பெட்டிக்கு ஒன்றாக நகலெடுப்பு தொடங்கியது. வலது பெட்டி ஆறு நிமிடம் என்றது. இடது பெட்டி நான்கு மணி நேரம் என்றது.

"வலப்பக்கம் நம்ம ஆளு" என்று அத்தான் மீசையைத் தடவினார். தண்டர்போல்ட் பெட்டியின் விசிறிக்கு ஒரு மெல்லிய சீழ்க்கை உண்டு என்று கடைக்காரர் காட்டியிருந்தார். அது இடப்பக்கம் கேட்பதை அவசரமும் கவனித்துவிட்டாள். கோளாறு வயரில்தான் என்று அவள் உடனே ஊகித்தாள். ஆனால் இழுப்பறையில் கறுப்பு நாடா ஒட்டிய பதினைந்து வயர்கள் ஒன்றுபோல் கிடந்தன. ஒவ்வொன்றாக நாடாவை உரித்துப் பார்க்க நேரம் வேண்டும். பறவைக்காரரோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவள் இடது பெட்டியைக் கழற்றினாள்.

"பன்னண்டே நிமிஷம் சார், உக்காருங்க" என்று சொல்லி, அந்தக் கார்டையும் வலது பெட்டியின் வரிசையில் சேர்த்தாள். அவர் அரைமனதாக உட்கார்ந்தார். சொன்ன நேரத்துக்குள் வேலை முடிந்தது. அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அவள் இடப்பக்க வயரின் நாடாவை உரித்துக் காட்டினாள். எந்தக் குறியும் இல்லை. அது அக்காவின் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் வயர். அக்காவின் முகம் தொங்கிப்போயிற்று. போட்டி செல்லாது, மறுபடி வைக்கலாம் என்றாள்.

"மறுபடி வெச்சா நான் தோத்துடுவேன்" என்றார் அத்தான், யாரும் கேட்காமலே.

அவசரம் தலையசைத்து மறுத்தாள். மதியம் இன்னொரு வாடிக்கையாளர் வரப்போகிறார், மறுபோட்டிக்கு நேரமில்லை என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"வேணாம்க்கா. யுஎஸ்பியையே வாங்கு. வயரை மட்டும் நீ தொடாதே."

அத்தான் தன் வெற்றியை விளக்கத் தொண்டையைச் செருமினார். முதல் வாக்கியம் வருவதற்குள் அவள் யுஎஸ்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.