மடியில் ஒரு முள்ளெலி

...அசையாதீங்கண்ணே, அப்படியே உட்காருங்க, அதுவா தொறக்கும் என்று சொல்லிவிட்டு ஜாஃபர் சாதிக் கடையை என் பொறுப்பில் விட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார், நான் முக்காலியில், மடியில் என் துண்டு, துண்டின் மேல் இந்த முள் உருண்டை. மூச்சு விடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, குனிந்து உற்றுப் பார்த்தால் லேசாக ஏறி இறங்குகிறது, சரி, உயிரோடுதான் இருக்கிறது. லவ் பேர்ட்ஸ் கத்துகிறது, மீன்தொட்டியில் தண்ணீர் கொப்பளிக்கிறது, கடையில் உள்ள அத்தனை உயிரும் ஏதோ ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருக்க, இது மட்டும் எனக்கென்ன என்று சுருண்டு கிடக்கிறது. முகம் எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம்? மகள் தமிழ்நிலாவுக்கு இது ஆகுமா ஆகாதா என்று பார்க்கத்தான் அம்மாப்பேட்டையில் பஸ் ஏறித் தஞ்சாவூர் வந்தேன், இது முகத்தையே காட்ட மாட்டேன் என்கிறது. சாயந்தரத்துக்குள் ஏஜென்ட் ராஜராஜனுக்கும் பதில் சொல்லியாக வேண்டும், மறுபடி சிங்கப்பூர் போகிறேனா இல்லையா என்று. போகிறேன் என்றுதான் மனசுக்குள் சொல்லி வைத்திருக்கிறேன். போகிற நேரத்தில் மகள் கேட்டதை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனால் அப்பா ஞாபகமாக இருக்குமே.

அவள் கேட்டுவிட்டாள், அதுதான் விஷயம். வேலை போதும் என்று பொங்கலுக்கு ஊர் வந்தேன், இப்போது குறுவை கதிர் விட்டாயிற்று, இத்தனை மாதத்தில் பத்து வயது மகள் என்னிடம் ஒன்று கேட்டதில்லை. என்னம்மா வேணும், ஒண்ணும் வேணாம்ப்பா. கடைக்குப் போறேன், என்ன வாங்கியாரட்டும், எதுவும் வேணாம்ப்பா. பேனா என்றாலும் அம்மா அம்சத்திடம்தான் கேட்பாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், அம்சம் என்னிடம் வாங்கி அவளிடம் கொடுப்பாள், நடுவில் ஒரு ஆபீஸ் மாதிரி. கப்பல் பட்டறையில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தபோது இதே பிள்ளை வீடியோ காலில் போனுக்கு முத்தம் கொடுப்பாள், ஸ்கூல் கதை ஒன்றுவிடாமல் சொல்வாள், அதே அப்பா கூடத்தில் முழு உருவமாக உட்கார்ந்திருந்தால் சுவரோரமாக நழுவிப் போகிறாள். போனுக்குள் இருந்தவரை நான் நல்ல அப்பாவாகத்தான் இருந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் போன வாரம் போனை எடுத்துவந்து நீட்டினாள், எந்த ஊர்ப் பெண்ணோ உள்ளங்கையில் இதை வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தது, இந்த முள்ளெலி நம்மூர்ல கிடைக்குமாப்பா என்றாள். கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். யானையைக் கேட்டிருந்தாலும் கிடைக்கும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அம்சத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயல்ல எலிக்கு கிட்டி வைக்க ஆள் கெடைக்காம அலையுறோம், நீங்க கடையில எலி வாங்கியாந்து வீட்டுல வளக்கப் போறீங்களா, ஊர்ல கேட்டா என்னங்க சொல்றது... அவள் சொல்வதும் நியாயம்தான். ஜாஃபர் சாதிக்காவது வியாபாரி மாதிரிப் பேசுவார் என்று பார்த்தால் அவரும் அதே பாட்டு. பாப்பா வெளையாடறதுக்கு இது செட் ஆகாதுண்ணே, பகல் பூரா தூங்கும், வெளக்கணைச்சாத்தான் எந்திரிக்கும், கூப்பிட்டா வராது, புது ஆளு தொட்டா உருண்டுக்கும். காட்டுல கெடக்குற நம்ம ஊரு முள்ளெலியப் புடிச்சு வளத்தா கேஸு, இது வெளிநாட்டு ஜாதி என்றார். பகலில் தூக்கம், ராத்திரியில் கொட்டக் கொட்ட முழிப்பு, வெளிநாட்டுச் சரக்கு, இதற்கு எதற்கு இன்னொரு உயிர், அதுதான் வீட்டில் நான் இருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன். ஆனா வாசனை தெரிஞ்சுட்டா ஒட்டிக்கும்ணே, உங்க துண்டக் குடுங்க, தொவைக்காததா, நல்லதாப் போச்சு. ஒரே ஆளு, ஒரே வாசனை. பழகுனப்புறம் மட்டும் ஆள மாத்திடக் கூடாது, மாத்துனா மறுபடி மொதல்லேர்ந்துதான், சிலது சாப்பிடாமக்கூடக் கெடக்கும். சொல்லிக்கொண்டே மடியில் வைத்துவிட்டுப் போனார்.

துவைக்காத துண்டு என்றதும் என் பழைய கைலி ஒன்று ஞாபகம் வந்தது. தமிழ்நிலா கைக்குழந்தையாக இருந்தபோது புடவைத் தூளியில் தூங்க மாட்டாள், வீறிட்டு அழுவாள், என் கைலியை அவிழ்த்துத் தூளி கட்டினால் பெட்டிப்பாம்பு. சிங்கப்பூர் கிளம்பும்போது பெட்டியில் வைத்த கைலியை எடுத்து அம்சத்திடம் கொடுத்துவிட்டுத்தான் போனேன். தொவைக்காமத்தான் வச்சிருக்கேங்க, தொவைச்சா வாசம் போயிரும்ல என்பாள் போனில், அதைக் கேட்கவே நான் தினமும் கூப்பிடுவேன். அப்புறம் ஒருநாள், ரொம்ப அழுக்காப் போச்சுன்னு தொவைச்சுட்டேங்க, பரவால்ல, இப்பல்லாம் எதுல போட்டாலும் தூங்கிடுறா என்றாள். நல்லதாப் போச்சு என்றேன். டார்மிட்டரியில் மேல் கட்டிலில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டு அழுதேன், கீழ்க் கட்டில் ஆள் என்னண்ணே ஊர்ல எதும் கெட்ட சேதியா என்று கேட்கிறான், என்னவென்று சொல்வது, பிள்ளை நன்றாகத் தூங்குகிறாள் என்று ஒருவன் அழுவானா? அதற்குப் பிறகு லீவில் ஒவ்வொரு முறை வந்தபோதும் அவளுக்கு மொதல்லேர்ந்துதான். பழகி, மடியில் ஏறுகிற சமயத்தில் டிக்கெட் தேதி வந்துவிடும்.

இடுப்பில் போன் அதிர்கிறது. ராஜராஜன்தான், பார்க்காமலே தெரியும், இளையபெருமாள் அண்ணே, பழைய கம்பெனியே கூப்பிடுது, ரெண்டு வருஷம்தான், கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும் என்பான். உருண்டை சிலிர்த்துக்கொண்டு இன்னும் இறுகுகிறது. போன் ஓய்கிறது. போவதுதானே எளிது, வயலை அம்சம் பார்த்துக்கொள்கிறாள், பிள்ளையையும் அவள்தான், நான் இருந்தால் ஒரு தட்டு கூடுதல், அவ்வளவுதானே... இது என்ன, முள் கொஞ்சம் படிகிறது. ஒரு கீறல் மாதிரி இடைவெளி. அதற்குள்ளிருந்து ஈரமாய், கறுப்பாய், மிளகை நனைத்து வைத்தது மாதிரி ஒரு மூக்கு. துண்டை மோந்து பார்க்கிறது, நிறுத்துகிறது, மறுபடி மோந்து பார்க்கிறது. என் கழுத்து வேர்வையில் அப்படி என்ன இருக்கிறதோ. கால் மரத்துவிட்டது, மூச்சை மெதுவாக விடுகிறேன், இந்தக் கண் திறக்கும்வரை உலகத்தில் எனக்கு வேறு வேலை கிடையாது.

மறுபடி போன். கையை இடுப்புக்குக் கொண்டுபோனால் மடி அசையும், மடி அசைந்தால் மூடிக்கொள்ளும். அடிக்கட்டும். முன்பு நான் கூப்பிட்டு, அடித்து அடித்து ஓய்ந்து, பிறகு அம்சம் எடுத்து, புள்ள மடியில தூங்கிட்டிருந்துச்சுங்க, அதான் எடுக்கல என்று மெல்லிய குரலில் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும், போனை எடுக்க ஒரு கை போதாதா என்று. போதாது போலிருக்கிறது. இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது, இந்த வயதில், ஒரு எலியை மடியில் வைத்துக்கொண்டு.

வாசலில் செருப்புச் சத்தம், ஜாஃபர் சாதிக் திரும்பி வந்துவிட்டார், குனிந்து பார்க்கிறார். அட, தொறந்துருச்சே. அப்ப எடுத்துக்கறீங்களாண்ணே, பாப்பாவுக்குத்தானே என்கிறார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன் துண்டைப் பார்க்கிறேன், இது பழகிக்கொண்டிருப்பது என் வாசனைக்கு, இனி ஆளை மாற்றக் கூடாதே, மூக்கு இப்போது என் விரலுக்கு வந்துவிட்டது, போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது, மற்றொரு கை விரலை உதட்டில் வைத்து, சத்தம் போடாதீங்க என்று அவருக்குச் சைகை காட்டுகிறேன்.