புளியமரத்தில் தொங்காத எலிகள்

முப்பது செத்த எலிகளை ட்ரோனிலிருந்து போட்டால் இருபத்தாறு தரைக்கு வந்துவிடுகின்றன. மரத்தில் தங்குவது நான்குதான். நேற்றும் நான்கு, இன்று காலையும் நான்கு. ஏன் என்று அபிநயாவுக்குப் பிடிபடவில்லை.

ஒவ்வொரு எலிக்கும் ஒரு காகிதக் குடை கட்டியிருந்தாள். குடை விரிந்தால் எலி மெல்ல இறங்கும், மெல்ல இறங்குவது கிளையில் சுலபமாகத் தங்கும் என்பது அவள் கணக்கு. தங்கவில்லை என்றதும் குடையைப் பெரிதாக்கினாள். எலி இன்னும் மெல்ல இறங்கி, இன்னும் மெல்லத் தரைக்கு வந்தது. கீழே காத்திருந்த ஊர் நாய்கள் கவ்விக்கொண்டு ஓடின.

இத்தனை பாடும் ஒரு பாம்புக்காக. அது அவள் எலி போட்டுப் பார்க்கும் இந்த ஜவ்வாது மலையில் இல்லை. கடலுக்கு நடுவே ஒரு சின்னத் தீவில் இருந்தது. எப்போதோ கப்பலில் வந்த மரக்கட்டைகளோடு போய் இறங்கிய மரமேறிப் பாம்பு. அந்தத் தீவுப் பறவைகளுக்குப் பாம்பென்றால் என்னவென்றே தெரியாது. கூட்டில் உட்கார்ந்தபடியே விழுங்கப்பட்டன. ஓர் இனத்தில் மிச்சம் நாற்பத்தொன்று. இன்னும் பத்தொன்பது நாளில் அவை முட்டையிடும். அதற்குள் பாம்புகளைக் குறைக்காவிட்டால் அந்த முட்டைகளும் போகும், பறவைகளும் போகும். மூன்று வருடமாக அபிநயா அந்தப் பறவைகளை ஒவ்வொன்றாக அடையாளம் தெரியுமளவுக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

பாம்புக்கு ஒரு பலவீனம் உண்டு. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலில் ஒரு சிறு துண்டு உள்ளே போனால் போதும், அதன் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். செத்த எலியின் வாயில் அந்தத் துண்டைத் திணித்து மரத்தில் தொங்கவிட்டால் பாம்பு தேடி வந்து விழுங்கும். தரையில் விழுந்தால் நண்டுகள் முந்திக்கொள்ளும். ஆகவே எலி தொங்கியாக வேண்டும். முப்பதில் குறைந்தது இருபத்துநான்கு தொங்கும் என்று நிரூபித்தால்தான் வனத்துறை அனுமதி தரும். தீவுக்குக் கப்பல் வியாழக்கிழமை. இன்று திங்கள்.

தீவுக் காட்டைப்போலவே அடர்ந்த உச்சி உள்ள மரங்கள் என்பதால்தான் காவலூர்ப் பக்கத்துப் புளியந்தோப்புக்கு வந்தாள். தோப்பு வேடியப்பனுடையது. சரியென்று தலையாட்டியவன் அவன். அவன் மனைவி செல்லி தலையாட்டவில்லை.

செல்லி இப்போது ஒரு வெள்ளெலியை வாலைப் பிடித்துத் தூக்கிவந்து அபிநயாவின் காலடியில் போட்டாள்.

"இந்தா மேடம். உன் சொந்தக்காரன் நான் காய வெச்ச புளியில வந்து படுத்துக்கினு இருந்தான். கூட்டிக்கினு போ."

"அதுல மருந்து எதுவும் இல்லைங்க. எத்தன வாட்டி சொல்றது? இங்க போடறது வெறும் எலி."

"வெறும் எலின்னா உங்க வூட்டு சோத்துப் பானையில போட்டுக்கயேன். கீழ ஆலங்காயம் டவுன்ல எடம் இல்லன்னு எங்க தலையில வந்து கொட்றியா?"

அபிநயாவுக்கும் பொறுமை போய்விட்டது. "உங்க வூட்டுக்காரருகிட்ட கேட்டுட்டுத்தான் போடறேன். அவரப் போய்க் கேளுங்க."

பின்னாலேயே வந்த வேடியப்பன் அதைக் கேட்டு முகம் சுளித்தான். "நாலு நாளா நாயிங்க தொல்ல தாங்கல. ஊர்ல இருக்கிற அத்தனையும் இங்கதான் கெடக்குது. சாயங்காலம் வரைக்கும்தான் டைம். அப்புறம் அந்தத் தும்பி என் தோப்பு மேல பறந்துச்சு, கல்லாலயே அடிச்சு எறக்கிடுவேன்."

தும்பிக்குச் சொந்தக்காரனான ரஞ்சித்குமார் தன் ட்ரோனை மார்போடு அணைத்துக்கொண்டான். வாணியம்பாடியில் கல்யாண வீடியோ எடுப்பவன் அவன். மாப்பிள்ளை வீட்டார் சண்டையை நிறையப் பார்த்திருக்கிறான். இது வேறு மாதிரி இருந்தது.

நடுப்பகலில் செல்லியின் மாடு கன்று போட்டது. நஞ்சுக்கொடி விழுந்ததும் அதை நாய் தின்றுவிடக் கூடாது. தின்றால் மாட்டுக்குப் பால் வற்றும் என்பார்கள். கோணியில் கட்டி ஆலமரத்தில் ஏற்றிவிட வேண்டும். சில ஊரில் ஆள் ஏறிக் கட்டுவான். இந்த வீட்டில் எறிவது வழக்கம்.

செல்லி மூட்டையோடு வெளியே வந்தபோது எலிக்குக் காத்திருந்த பன்னிரண்டு நாய்களும் எழுந்து அவளைச் சூழ்ந்தன. வேடியப்பன் கழியைச் சுழற்றினான். அவை நகரவில்லை.

"பாத்தியாடி, நீ சேத்த கூட்டத்த!" என்று செல்லி அபிநயாவைப் பார்த்துக் கத்தினாள். கத்திக்கொண்டே வேலையைச் செய்தாள். கயிற்றின் ஒரு முனையில் மூட்டை. மறுமுனைக்கு ஒரு கல்லை எடுத்தாள். வலக்கையில் கல்லும் இடக்கையில் மூட்டையுமாகத் தூக்கிப் பார்த்தாள். கல்லை வீசியெறிந்துவிட்டு வேறொன்று எடுத்துக் கட்டினாள். கயிற்றின் நடுவைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி மேலே விட்டாள். கயிறு விறைப்பாக விரிந்து பறந்து, அதன் நடுப்பகுதி ஒரு கிளையில் இடித்தது. மூட்டை ஒரு பக்கமும் கல் மறுபக்கமுமாக வீசியாடிக் கிளையைச் சுற்றிக்கொண்டன. நாய்கள் அண்ணாந்து பார்த்தன.

அபிநயாவும் பார்த்தாள். "மொதக் கல்ல ஏங்க வேணாம்னீங்க?"

"இன்னா?"

"அந்த மொதக் கல்லு."

"கனமாயிருந்தா கல்லு கீழ இழுத்துக்கினு வந்துரும், மூட்டையும் கூடவே வந்து வுழும். இதுகூட தெர்ல, நீ இன்னாத்த படிச்ச? எம் மாட்டுக்குப் பால் வத்திச்சு, உன்ன சும்மா வுட மாட்டேன்."

அபிநயாவுக்கு அந்த வசவு காதில் விழவேயில்லை. தன் எலி ஏன் தங்கவில்லை என்பது புரிந்துவிட்டது. அதற்கு ஒரே ஒரு எடை. குடை கிளையில் பட்டாலும், எலியின் கனம் ஒரே பக்கமாக இழுத்து அதை வழுக்கிக் கீழே கொண்டுபோய்விடுகிறது. மெல்ல இறங்குவதற்கும் தொங்குவதற்கும் சம்பந்தமே இல்லை. கிளைக்கு இரு பக்கமும் சம எடை இருந்தால் எதுவும் எதையும் இழுத்துப்போக முடியாது.

குடைகளைக் கிழித்துப் போட்டாள். சணல்கயிற்றில் எலியையும் அதே எடைக்கு மண்ணுருண்டையையும் கட்டி ட்ரோனின் கொக்கியில் மாட்டினாள். முப்பதில் ஒன்பது தொங்கின.

"ரெண்டும் ஒட்டிக்கினே வுழுது மேடம்" என்றான் ரஞ்சித்குமார். "கயிறு விரியவே மாட்டேங்குது."

செல்லி சுழற்றி எறிந்ததால் கயிறு விரிந்தது. ட்ரோன் சுழற்றாது. அப்படியானால் விரித்தே கொண்டுபோக வேண்டும். ரஞ்சித்குமார் வேலியிலிருந்து ஒரு மூங்கில் குச்சியை உருவினான்.

"என் வேலியில கை வெச்சிட்டியா?" வேடியப்பன் கல்லோடு வந்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"இன்னும் வெளிச்சம் இருக்குதுங்க. சாயங்காலம் வரைக்கும்னு நீங்கதான் சொன்னீங்க" என்று அபிநயா குறுக்கே நின்றாள். அவன் கல்லைக் கீழே போடவில்லை, எறியவும் இல்லை.

குச்சியை ட்ரோனின் அடியில் குறுக்காகக் கட்டி, இரு நுனியிலும் ஒவ்வொரு கொக்கி வைத்தார்கள். ஒரு நுனியில் எலி, மறுநுனியில் மண்ணுருண்டை, நடுவே கயிறு. ரஞ்சித்குமார் பொத்தானை அழுத்தினால் இரண்டு கொக்கியும் சேர்ந்தே திறக்கும். முதல் எலி விழுந்தது, கிளையில் மாட்டியது, ஆடி நின்றது. இரண்டாவதும் அப்படியே. வெளிச்சம் போகுமுன் முப்பதையும் போட்டு முடித்தார்கள்.

வேடியப்பன் அண்ணாந்து பார்த்தான். "இப்ப என் மரம் பூரா எலி காய்ச்சிருக்குது. எவன் பறிப்பான்?"

"காலைல நாங்களே ஏறி எடுத்துடறோம்."

"மரத்த வுட்டு எறங்கினதும் நிக்காத. அப்படியே மலைய வுட்டும் எறங்கிடு" என்றாள் செல்லி.

அபிநயா எண்ணி முடித்துத் தீவு அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினாள்: "குடை வேண்டாம். நாலடிச் சணல்கயிற்றின் ஒரு முனையில் எலி, மறுமுனையில் அதே எடைக்கு மண்ணுருண்டை. இரண்டையும் நாலடிக் குச்சியின் இரு நுனிகளில் மாட்டி ஒரே நேரத்தில் விடவும். முப்பதில் இருபத்தேழு தொங்கின."