பிரித்துப் பார்க்காத படம்

படத்தின் கீழிருந்த அட்டையில் ஒரே பெயர்தான் இருந்தது: ராம்கி.

மாதங்கி அடுத்தடுத்த படங்களைப் பார்த்தாள். ஆறிலும் அதே பெயர். இரண்டு வருட உழைப்பில் பாதி அவளுடையது.

"என்னடா இது?" என்றாள், பக்கத்தில் நின்ற ராம்கியிடம்.

"கத்தாதே மாது. தனி ஆள் கண்காட்சின்னாதான் பவானிபூர்ல ஹால் கிடைக்கும். கலந்தது நான்தானே?"

ஆளுக்கொரு புகைப்படம் என்பதுதான் அவர்களுக்குள் ஏற்பாடு. ராம்கியின் புரோகிராம் இரண்டையும் பிட் பிட்டாக ஒப்பிடும். ஒத்திருந்தால் பூஜ்யம், வேறுபட்டால் ஒன்று. 'எக்ஸார்' என்று பெயர். இரண்டும் சிதறி, ஊதாவும் பச்சையுமாக மூன்றாவது படம் பிறக்கும். அதோடு ஒரு புகைப்படத்தை மறுபடி எக்ஸார் செய்தால் மற்றது அப்படியே வெளியே வந்துவிடும். ஆனால், அவன் போட்டது எது என்று அவள் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று ராம்கி சத்தியம் வாங்கியிருந்தான். தெரிந்தால் சுவாரசியம் போய்விடுமாம்.

ஹாலின் சொந்தக்காரி, எல்லோருக்கும் 'தீதி', அதாவது அக்காவான பத்மஜா வந்தாள். "ரெண்டு போட்டோவும் தன்னோடதுன்னு எழுதிக் குடுத்திருக்கானே. உன்னோடதுன்னு எப்படி நம்பறது?"

"பிரிண்டுக்கு வந்த ஃபைலைத் திறங்கோ, தீதி."

"வேண்டாம் மாது! நாம பேசிண்டது என்ன?"

"அட்டையில 'நாம' எங்கடா இருக்கு?"

பத்மஜா கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்ததும், மாதங்கி தன் பென் டிரைவிலிருந்து, தான் கலக்கக் கொடுத்திருந்த லேக் மார்க்கெட் வாழையிலைக் கடைப் படத்தை எடுத்து, முதல் படத்தோடு எக்ஸார் செய்தாள். திரையில் அலிப்பூர் கோர்ட் வாசல் தெரிந்தது. குடையின் கீழ் ஒரு டைப்பிஸ்ட்.

மழையில் குந்தி உட்கார்ந்து அவள் எடுத்த படம். 'ஃபோகஸே இல்லை, தூக்கிப் போட்டுட்டேன்' என்று ராம்கி சொன்ன படம்.

அடுத்ததைப் பிரித்தாள். அதுவும் அவளுடையது. ஆறிலும் ஒளிந்திருந்தவை அவளுடையவையே. பென் டிரைவில் மூலப் படங்கள் தேதியோடு இருந்தன.

"அப்போ இவன் எடுத்தது எது?" என்றாள் பத்மஜா.

ராம்கி தரையைப் பார்த்தான். "எனக்கு உன்ன மாதிரி எடுக்க வரலை, மாது."

பத்மஜா அட்டைகளைக் கிழிக்க ஆரம்பித்தாள். "ஆறு மணிக்குள்ள உன் பேர் மட்டும் போட்டுடறேன்."

மாதங்கி பாதிதான் கேட்டிருந்தாள். முழுதும் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று, இதில் ராம்கி எதைப் பார்த்திருப்பான் என்று இரண்டு வருடம் யோசித்திருந்தாள். அவன் எதையுமே பார்க்கவில்லை.

"கீழ சின்னதா, 'புரோகிராம்: ராம்கி'ன்னு போட்டுடுங்கோ தீதி. அது மட்டும் நிஜம்."

ராம்கி நன்றியோடு நிமிர்ந்தபோது, அவள் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.