ஒரு நேரத்தில் ஒருவர்

ஃப்ரீசர் பாக்ஸைக் கூடத்து நடுவில் இறக்கி வைத்த பிறகுதான் அதற்கு எட்டுகிற மாதிரி பிளக் இல்லை என்று தெரிந்தது. இருந்த ஒரே பிளக்கில் வேங்கடேசனின் கம்ப்யூட்டரும் வைஃபை பெட்டியும் ஒரு எக்ஸ்டென்ஷன் கட்டையில் தொங்கிக்கொண்டிருந்தன. பெட்டி கொண்டுவந்தவன் பறந்தான்.

"எல்லாத்தயும் புடுங்கி உடுங்க சார், ஜல்தி. முண்டியம்பாக்கத்துலேந்து பாடி வெயில்லயே வந்துக்கினு இருக்குது. இனிமே தாங்காது."

"இருப்பா. பேனருக்கு போட்டோ ஒண்ணு எடுத்துக்கறேன்" என்று மகன் ஜெகதீசன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை அசைத்தான். சென்னையிலிருந்து விடியற்காலை வந்து இறங்கியவன், நேராக முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய், பிரேதப் பரிசோதனை முடிகிற வரை நின்று, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். கண் இரண்டும் கோவைப்பழம்.

அவன் மனைவி கலைப்பிரியா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். அந்தத் திரையில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தது. பஸ் ஓட்டும் விளையாட்டின் சின்னக் கட்டம் ஒன்று: இந்த உரிமம் இப்போது வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது. அதன் கீழே அந்த வேறொரு கணினியின் பெயர். பிரியா.

"நேத்து நீ ஆடிக்கினு இருந்தியா?" திரும்பாமலே கேட்டான் ஜெகதீசன்.

"ஆமாங்க."

"ஆஃப் பண்ணாமலே வந்துட்ட போல. இன்னும் ஓடிக்கினே இருக்குது பாரு."

அவ்வளவுதான். கட்டத்தை மூடினான், போட்டோவைத் தேடி எடுத்துத் தன் போனுக்கு அனுப்பினான், ஒயர்களைப் பிடுங்கினான். பெட்டி உறுமத் தொடங்கியது. மாமனாரை உள்ளே வைத்துக் கண்ணாடி மூடியைச் சாத்தினார்கள். அவள் மாமியார் அஞ்சம்மாள் அதன்மேல் விழுந்து, நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வியைக் கேட்டாள்.

"இந்த வெயில்ல எதுக்குய்யா வெளியே போன? உன்ன யாரு போவச் சொன்னாங்க?"

பதில் தெரிந்தவள் அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். அவள் காபி டம்ளர்களைக் கழுவப் போனாள்.

வேங்கடேசன் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் பாதியை விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் நின்றபடியே கழித்தவர். அடுத்தவன் ஓட்ட விசில் ஊதியே காலம் போன மனிதருக்கு ஒரு தடவையாவது ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆசை இருந்தது என்பது ஓய்வுக்குப் பிறகுதான் வீட்டில் தெரியவந்தது. ஜெகதீசன் அந்த விளையாட்டை வாங்கி அப்பா பேரில் கணக்குத் திறந்து கொடுத்தான். கல்யாணமானதும் தன் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பின்னறையில் வைத்து, பெண்டாட்டிக்கும் அதையே இணைத்துவிட்டான்.

"ஒரே வீடு, ஒரே வைஃபை. எதுக்கு ரெண்டு லைசென்ஸு? ஒரு நேரத்துல ஒருத்தர்தான் ஆட முடியும். மாத்தி மாத்தி ஆடிக்கங்க" என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னை ரயில் ஏறினான். ரயில் ஏறிப் போகிறவனுக்கு எல்லாமே சுலபம்.

மாற்றி மாற்றி என்றால் யார் யாரிடம் கேட்பது? மாமனார் எதிரில் மருமகள் உட்காராத வீடு அது. சாப்பாடு போடும்போது "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா மாமா" என்பதும், அவர் "போதும்மா" என்பதும்தான் அவர்களுக்குள் இருந்த பேச்சு. நீங்கள் எழுந்தால் நான் ஆடுவேன் என்று எந்த மருமகள் வாயைத் திறந்து சொல்வாள்?

ஒருநாள் மத்தியானம் அவர் தூங்குகிறார் என்று நினைத்து அவள் விளையாட்டைத் திறந்தாள். ஏதோ வெளிநாட்டு ஊர், அகலமான சாலை, மழை. அவள் ஒரு பாலத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தபோது கூடத்தில் மாமனார் விழித்து, பழக்கத்தில் தன் கம்ப்யூட்டரில் விளையாட்டைத் திறந்துவிட்டார். உரிமம் அவர் பக்கம் போனது. அவள் பஸ் பாலத்தின் நடுவில் உறைந்து நின்றது. தன்னை அறியாமல் "ஐயோ" என்று கத்திவிட்டாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு சத்தமாக எழுந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் வேங்கடேசன் சட்டையை மாட்டினார். "நான் அப்டி கடப்பக்கம் போய்ட்டு வர்றேன்" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வெள்ளைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். அதற்கடுத்த நாளும் போனார். அப்புறம் அது நிற்கவே இல்லை.

சும்மா ஆடாமல் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கலாமே என்று கேட்கலாம். அவர் கூடத்தில் இருந்தால் அஞ்சம்மாள் தூங்க மாட்டாள். ஊர்க்கதை பேசுவாள், நடுவில் "பிரியா, மாமாவுக்கு மோர் கொண்டா" என்பாள், அது முடிந்தால் காபி. அவர் படி இறங்கிவிட்டால் அவளும் தலையைச் சாய்த்துவிடுவாள். வீடே அடங்கிவிடும். அந்த ஒரு மணி நேரம் கலைப்பிரியாவை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அவள் பி.காம். படித்தவள். வேலைக்குப் போகாதே என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பின்னறை ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். திண்டிவனத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போக, பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊருக்கு, விசேஷம் ஏதாவது வர வேண்டும். ஒருநாள் சும்மா இருக்காமல் விளையாட்டில் பஸ்ஸின் நெற்றிப் பலகையில் ஊர்ப் பெயரை அழித்துவிட்டுத் திண்டிவனம் என்று அடித்தாள். மாற்றி வைக்க மறந்தும் போனாள். மறுநாள் திறந்தபோது அவர் காலையில் நெடுந்தூரம் ஓட்டியிருந்தார். பலகையில் திண்டிவனம் அப்படியே இருந்தது. அன்றைக்கு அவள் ஓட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெப்போவில் வேங்கடேசனோடு வேலை பார்த்த அரங்கநாதன் வெயிலேறிய பிறகு வந்தார். மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு ஜெகதீசனின் கையைப் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்த்ததும் வேங்கடேசனின் தங்கை கிருஷ்ணவேணிக்கு ஆவேசம் வந்துவிட்டது.

"நீங்களாவது சொல்லுங்கண்ணே. எங்கண்ணன் தெனம் மொட்ட வெயில்ல எங்கதான் போய்க்கினு இருந்தாரு? ஊட்ல ஃபேன் இல்லயா, சோறு தண்ணி இல்லயா?"

"பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குத்தாம்மா வருவாரு. டீ கூடக் குடிக்க மாட்டாரு. பெஞ்சுல உக்காந்து வாட்ச்ச பாத்துக்கினே இருப்பாரு. 'இன்னாய்யா, கெளம்ப வேண்டியதுதான'ன்னு கேட்டா, 'இன்னும் நேரம் ஆவல'ம்பாரு. எதுக்கு நேரம் ஆவணும்னு கேட்டா சிரிப்பாரு. அவ்ளோதான்."

"நேத்தும் வந்தாரா?" என்று ஜெகதீசன் கேட்டான்.

"நேத்து கடக்காரன் பொண்ணு கல்யாணம். கட பூட்டிட்டான். நானும் அங்கதான் போயிட்டேன்." அரங்கநாதன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உக்கார எடம் இல்ல. திரும்பி ஊட்டுக்காவது வந்திருக்கலாம். ரோட்டுலயே அந்தாண்டயும் இந்தாண்டயும் நடந்துக்கினு இருந்தாராம். ஆட்டோக்காரன் பாத்திருக்கான். நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தவரத் தூக்கிப் போட்டுக்கினு முண்டியம்பாக்கம் போனான். போற வழியிலயே..."

கலைப்பிரியா கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். நேற்று அந்த நேரம் அவள் எங்கே இருந்தாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பனி கொட்டுகிற ஊர் ஒன்றில், கடல் ஓரமாக, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் போகலாம் என்று நினைத்ததுகூட ஞாபகம் இருந்தது. கடை பூட்டியிருந்தும் அவர் திரும்பி வரவில்லை. திரும்பி வந்திருந்தால் அவள் பாதியில் எழுந்திருக்க வேண்டியிருக்கும்.

செம்பு நழுவியது. அவள் போய்ப் பெட்டிமேல் விழுந்தாள்.

"என்னாலதான் மாமா! நான்தான் உங்கள வெயில்ல அனுப்பிட்டேன்! நான் உள்ள குந்திக்கினு வெளையாடினேன், நீங்க ரோட்டுல நின்னீங்களே மாமா! எனக்கோசரம்தான போனீங்க!"

ஒரு வார்த்தை பொய்யில்லை. கூடத்தில் அத்தனை பேர் முன்னால், மறைக்காமல், தலையிலடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லி முடித்ததும் யாராவது ஒருவர் திகைத்து நிமிர்ந்து பார்ப்பார்கள், என்னடி சொல்கிறாய் என்று முடியைப் பிடித்து உலுக்குவார்கள் என்று காத்திருந்தாள்.

கிருஷ்ணவேணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அய்யோ என் கண்ணே, நீ இன்னாடி பண்ணுவ! நான்தான் பாவி, போன வாரம் வர்றேன்னு சொல்லிட்டு வராமப் போனேன்! வந்திருந்தா எங்கண்ணன் போயிருப்பாரா!" இன்னொரு பக்கத்திலிருந்து அஞ்சம்மாளும் வந்து சேர்ந்தாள். "நான்தான்டி கண்ணு தூங்கிட்டேன்! தூங்கிட்டேனே!" மூன்று பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து ஆடி ஆடி அழுதார்கள். செத்த வீட்டில் எல்லோருமே தன்னால்தான் என்றுதான் அழுவார்கள். அந்தக் குரல்களோடு அவள் சொன்னதும் போய்ச் சேர்ந்துகொண்டது.

"பெத்த பொண்ணுகூட இப்டி அழாது. வாச்சா இப்டி மருமவ வாய்க்கணும்" என்று வாசலில் யாரோ சொன்னார்கள். மேளக்காரர்கள் தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் தூக்கிவிட்டார்கள். தெருமுனையோடு பெண்கள் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட வேண்டும். பிடுங்கிப் போட்ட ஒயர்களை நனையாமல் தூக்கி மேசைமேல் சுருட்டி வைத்தாள் கலைப்பிரியா. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியும் கூடத்தில் ஊதுவத்தி வாசனை போகவில்லை.

பால் தெளித்த மறுநாள் ஜெகதீசன் சென்னைக்குப் புறப்படத் தயாரானான். லீவு இல்லை, காரியத்துக்குத் திரும்ப வர வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் பின்னறையில் அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். அவள் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி நான் அழுதப்ப சொன்னது... அது நெஜம்ங்க."

"எது?"

"மாமா தெனம் வெளியே போனது எனக்கோசரம்தான். அவர் எழுந்து போனாத்தான் நான் ஆட முடியும்னு போவாரு. டீக்கட மூடியிருந்தும் அதனாலதான் வராம இருந்தாரு."

ஜெகதீசன் திரும்பி அவளைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். கோபப்பட்டால் தேவலை என்று நினைத்தாள். அவன் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"இதையே நெனச்சிக்கினு பேஜாராவாத. அவரு சொன்னாரா உங்கிட்ட? இல்லல்ல? ரோட்டுலயே பொழப்பு ஓட்டுன மனுசன், கால் ஒரு எடத்துல நிக்காது. நேரம் வந்துச்சு, போயிட்டாரு. அம்மா காதுல மட்டும் இதப் போட்டுடாத."

பிறகு திரையைக் காட்டினான். "அப்பா கணக்க என் நம்பருக்கு மாத்திட்டேன். கூடத்து சிஸ்டத்த நான் எடுத்துக்கினு போயி ஆபீஸ் பையன் ஒருத்தனுக்குக் குடுத்துடறேன். லைசென்ஸு இனிமே இது ஒண்ணுலதான். நடுவுல கட்டே ஆவாது. நீ எவ்ளோ நேரம் வேணாலும் ஆடு."

நல்ல மனதோடுதான் சொன்னான். அவளுக்கு அங்கிருந்து எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. எங்கே ஓடுவது என்று தெரியவில்லை.

அவன் போன பிறகு வீடு அடங்கியது. சொந்தக்காரர்கள் கலைந்துவிட்டார்கள். அஞ்சம்மாள் கூடத்தில் வெறும் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், கண் திறந்தே இருந்தது. மத்தியான வெயில் வாசல்படி வரை வந்து நின்றது. யாரும் சட்டையை மாட்டவில்லை. யாரும் கடைப்பக்கம் போகிறேன் என்று சொல்லவில்லை.

கலைப்பிரியா பின்னறைக்கு வந்து விளையாட்டைத் திறந்தாள். காத்திருக்கச் சொல்லாமல், யார் பெயரையும் காட்டாமல் உடனே திறந்துகொண்டது. ஏதோ ஓர் ஊரின் முதல் நிறுத்தம். நல்ல வெளிச்சம். கதவு திறந்து, குடையும் பையுமாக ஆட்கள் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்த ஒரு பொத்தான், கிளம்ப ஒரு பொத்தான். அவள் கை மடியில் இருந்தது.

எதிரே சிக்னல் பச்சையாகி, சிவப்பாகி, மறுபடியும் பச்சையானது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நேராகப் பார்த்தபடி இருந்தார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.