நாலு முழக் குளிர்

1929-ஆம் வருஷம் பங்குனி மாதம், பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த பாகூரை அடுத்த ஒரு கிராமத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில், மூன்றாவது பெஞ்சில் மட்டும் பனிக்காலம் தொடங்கியது. அங்கே உட்கார்ந்திருந்த கனகாம்பாளுக்கு அப்போது பதினோரு வயது. குளிர் அவளைச் சுற்றி நாலு முழம் வரைக்கும் இருந்தது. ஐந்தாவது முழத்தில் வழக்கமான வெயில் அடித்தது. அவள் பாடம் ஒப்பித்தபோது வாயிலிருந்து புகை வந்தது. பக்கத்துப் பெண்கள் பல் கிட்டிப்போய் வேறு பெஞ்சுக்கு நகர்ந்தார்கள். அன்றைக்கு நகர்ந்தவர்கள் நகர்ந்தவர்கள்தான்.

காரணம் கைவேலை வகுப்பு. பிரான்சிலிருந்து வந்த பாடப் புத்தகத்தில், இந்த வகுப்புப் பெண்கள் ஆளுக்கொரு கம்பளி மப்ளர் பின்ன வேண்டும் என்று போட்டிருந்தது. எழுதியவர்களுக்குப் பாகூர் வெயில் தெரியாது. தெரிந்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டார்கள். நூல் கப்பலில் வந்தது, ஊசி வரவில்லை. ஆசிரியை அமுதம் பழைய குடைக்கம்பிகளைத் தேய்த்துக் கொடுத்துப் பின்னவைத்தாள். மப்ளர் எதற்கென்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. செல்லப்பன் என்பவர் மகள் பின்னியதைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துக் கரும்புக்கட்டு சுமந்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் அரிக்கிறது என்று சொல்லியனுப்பினார்.

பின்னி முடித்ததும் கடைசிக் கண்ணிக்குள் நூலை விட்டு இழுத்து அடைக்க வேண்டும். எல்லாரும் அடைத்தார்கள். கனகாம்பாள் அடைக்கவில்லை. அவள் வீட்டில் எதையும் முழுக்க முடிக்கிற வழக்கம் கிடையாது. குதிரில் கடைசி மரக்கால் நெல்லை வழித்து அள்ளக்கூடாது, பானையில் ஒரு பிடி சோறாவது நிற்க வேண்டும், அரிசி தீர்ந்தாலும் தீர்ந்தது என்று வாயால் சொல்லக்கூடாது என்று அம்மா கலியம்மாள் வளர்த்திருந்தாள். ஆகவே கண்ணி பிரியாமலிருக்க ஒரு ஈர்க்குச்சியைச் செருகி, திறந்தபடியே விட்டுவிட்டாள். அந்த ஓட்டை வழியாகத்தான் பிரான்சின் குளிர் உள்ளே வந்தது. மப்ளரைப் பெட்டியில் பூட்டிப் பார்த்தார்கள். குளிர் பெட்டியில் தங்காமல், பின்னிய கையோடு நடந்தது.

கண்ணியை அடைத்துவிட்டால் நின்றுவிடும் என்று அமுதம் வீட்டுக்கே வந்து சொன்னாள். அதற்குள் அந்தப் பிள்ளை பக்கத்தில் வைத்த பால் மறுநாளும் திரியவில்லை என்று ஊருக்குத் தெரிந்துபோயிருந்தது. அப்பா கண்ணையன் ஒப்பவில்லை. வந்த சீதேவியைக் காலால் உதைப்பார்களா என்றார். கடலோரத்துப் பனித்திட்டுக் கிராமத்திலிருந்து மீன்கூடைகள் வந்தன. கடைக்கார நிஜாமுதீன் வெண்ணெய்ச் சட்டிகளை அனுப்பினார். காய்ச்சல் கண்டவர்களைத் தூக்கி வந்து அவளருகே அரை நாழிகை கிடத்தி எடுத்துப் போனார்கள். எல்லாரும் வந்தார்கள், வைத்தார்கள், உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஓடினார்கள். பொருள் உட்கார்ந்தது, மனிதர் யாரும் உட்காரவில்லை. கலியம்மாளுக்கு மூச்சிழுப்பு இருந்ததால் சோற்றை ஐந்தாவது முழத்தில் வைத்துவிட்டு, அங்கிருந்தே அழுதாள். பள்ளிக்கூடம் நின்றது, பெண்பார்க்க வந்தவர்கள் தும்மிக்கொண்டே திரும்பினார்கள். ஒன்பது வருஷம் இப்படிப் போனது. ஒரு மனுஷ உடம்பின் சூடு எப்படியிருக்கும் என்பது கனகாம்பாளுக்கு மறந்துவிட்டது. அவள் பாவம், வேறென்ன சொல்வது.

1938-இல் இன்னாசிமுத்து ஊர் திரும்பினார். பிரான்சின் வடக்கே ஒரு பட்டாளத்தில் இருபது வருஷம் சிப்பாயாக இருந்த சொல்தா, ஐம்பதை நெருங்கியவர், மனைவியை அங்கேயே புதைத்துவிட்டு வந்தவர். பாகூர் வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஏரிக்கரையில் மீன்கூடைகளுக்கு நடுவே கனகாம்பாள் இருந்ததைப் பார்த்தார். நேரே குளிருக்குள் நடந்து வந்து, இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தார். மறுநாளும் பட்டாளத்துக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பனி விழும்போது சத்தமே கேட்காது என்று சொன்னார். ஊர் இதைப் பேசுவதற்காகக் கரையில் கூடியது. கிட்டே நெருங்கியதும் பல் தந்தியடித்ததால் பேச முடியாமல் கலைந்தது.

எட்டு மாதம் கழித்து கனகாம்பாளுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. அவர் வருவது அவளுக்காகவா, குளிருக்காகவா? கேட்டுவிடலாம்தான். அவள் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து மப்ளரை எடுத்து, ஈர்க்குச்சியை உருவி, நூலைக் கண்ணிக்குள் விட்டு இழுத்தாள். குளிர் நின்றது. மீன் நாறியது, கண்ணையன் தலையில் அடித்துக்கொண்டார். சாயங்காலம் இன்னாசிமுத்து கோட்டைக் கையில் மடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“இன்னாம்மா, குளிரு இல்லியா?”

“இல்லீங்க.”

நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு வூட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். அடுத்த மூன்று நாள் அவர் வரவில்லை. கனகாம்பாள் குளத்தடியில் துணி துவைக்கும் பெண்களிடம் போனாள். அவர்கள் நல்லபடியாகத்தான் பேசினார்கள். ஆனால் அவள் பக்கத்தில் வந்ததும் ஒவ்வொருத்தியும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு முழம் தள்ளிப் போனாள். குளிர் போனது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவர்கள் உடம்புக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவள் வாய்விட்டு அழுதாள்.

நாலாம் நாள் குடைக்கம்பி நுனியால் முடிச்சை நெம்பி, கண்ணியைத் தானே திறந்தாள். மதியத்துக்குள் பனித்திட்டுக் கூடைகள் வந்து சேர்ந்தன. சாயங்காலம் இன்னாசிமுத்து கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

“மூணு நாளா ஆளக் காணோமே” என்றாள்.

“வெயிலா இருந்துச்சேம்மா.”

அவர் பொய் சொல்லவில்லை. கனகாம்பாள் மீன்கூடைகளை ஒதுக்கி, அவர் உட்கார இடம் விட்டாள்.